இனவெறிக் கேள்விக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் தவறான பதில்கள்

ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் கால்பந்துப் பயிற்சியாளர் டிவி மைக் முன்னால் வந்து நிற்க வேண்டும். பெனால்டி கொடுத்தது சரியா, அந்த வீரரை ஏன் மாற்றினீர்கள் என்பதுதான் வழக்கமான கேள்விகள். அதற்கெல்லாம் எல்லோரிடமும் பழகிய பதில் ஒன்று இருக்கும். நம் ஆளை விட்டுக்கொடுக்காதே, நடுவர் மேல் கொஞ்சம் பழியைப் போடு, எதிரணியையும் ஒரு வார்த்தை சொல்லிவை. வீரர்கள் தன் பக்கம் நிற்க அது உதவும். தொழில் தந்திரம்தான், குறை சொல்வதற்கில்லை.

கேள்வி இனவெறி பற்றியதாக இருக்கும்போதும் அதே பழக்கத்தில் வாயைத் திறப்பதுதான் வினை. இந்த விஷயத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்ட பெரிய பயிற்சியாளர்கள் பலரும் வெறுப்பினால் கெட்டவர்கள் இல்லை. பெனால்டி கேள்விக்குச் சொல்லும் பதிலை இதற்கும் சொல்லிக் கெட்டவர்கள்.

தீர்ப்பைப் படிப்பதற்கு முன்பே கட்சி சேர்வது

நம்மூரில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் விடிய விடிய சண்டை போடுபவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். 2011 அக்டோபர் 15, ஆன்ஃபீல்டு மைதானம். லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸ் தன் நிறத்தைச் சொல்லித் திட்டினார் என்று யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ரா புகார் கொடுத்தார். விசாரித்த இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தின் குழு டிசம்பர் 20 அன்று சுவாரஸுக்கு 8 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது.

மறுநாள் விகனில் லிவர்பூலுக்கு ஆட்டம். வார்ம்-அப்புக்கு இறங்கிய வீரர்கள் எல்லோரும் சுவாரஸ் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார்கள். கறுப்பின வீரரான கிளென் ஜான்சனும் அதில் ஒருவர். அப்போது பயிற்சியாளர் கென்னி டால்கிலீஷ். அந்தக் கிளப்பில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

இங்கே தேதிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குழு ஏன் அப்படி முடிவெடுத்தது என்று விளக்கும் 115 பக்க அறிக்கை வெளியானது டிசம்பர் 31 அன்றுதான். டி-ஷர்ட் போட்டது டிசம்பர் 21. அதாவது காரணம் என்னவென்று வெளியுலகம் படிப்பதற்குப் பத்து நாள் முன்பே லிவர்பூல் முடிவு கட்டிவிட்டது. அறிக்கை வந்த பிறகு கிளப் மேல்முறையீடு செய்யவும் இல்லை. ஆனால் டி-ஷர்ட் படம் உலகம் முழுக்கப் போய்விட்டதே, அதை எப்படித் திரும்ப வாங்குவது?

அப்புறம் 2012 பிப்ரவரி 11, ஓல்டு டிராஃபோர்டு. ஆட்டத்துக்கு முன் எவ்ராவின் கையைக் குலுக்காமல் சுவாரஸ் நகர்ந்து போனார். ஆட்டம் முடிந்து டிவி நிருபர் அதைக் கேட்டபோது, தான் அங்கே இல்லை, பார்க்கவில்லை என்றார் டால்கிலீஷ். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்று நடந்த எதற்கும் சுவாரஸைக் குறை சொல்வது வரம்பு மீறிய செயல் என்று நிருபர் மேலேயே பாய்ந்தார். மறுநாள் சுவாரஸும் மன்னிப்புக் கேட்டார், டால்கிலீஷும் கேட்டார். அந்தப் பேட்டியில் லிவர்பூல் பயிற்சியாளருக்குத் தகுந்தபடி நான் நடந்துகொள்ளவில்லை என்பது அவர் அறிக்கையின் சாரம். டி-ஷர்ட் அணிந்தவர்களில் ஒருவரான ஜேமி கேரகர் 2019இல் டிவி நிகழ்ச்சியில் எவ்ராவை நேரில் வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். எட்டு வருடம் ஆகியிருந்தது.

தன் வீரர் குற்றம் சாட்டப்பட்டிருக்கும்போது பயிற்சியாளர் அவரைக் கைவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ‘விசாரணை நடக்கிறது, முடிவை ஏற்போம், புகார் கொடுத்தவருக்கும் மரியாதை கொடுக்க வேண்டும்’ என்று மூன்றே வரியில் முடித்திருக்கலாம். டி-ஷர்ட் அடித்தால் அந்த மூன்றாவது வரியைப் பிறகு சொல்ல முடியாமல் போய்விடுகிறது. அந்தக் காலத்தில் லிவர்பூல் வீரர்களும் ரசிகர்களும் எவ்ராவைத்தான் குற்றவாளி போல நடத்தினார்கள். 2012 ஜனவரி கடைசியில் எஃப்ஏ கோப்பை ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்டு வந்த அவரை மைதானம் கூச்சல் போட்டே வரவேற்றது. ஒரு பயிற்சியாளரின் பிடிவாதம் கேலரி வரைக்கும் இறங்கும்.

“தப்புதான், ஆனால்...”

இந்த ‘ஆனால்’ எங்கே வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2019 ஏப்ரல் 2, இத்தாலியின் காலியாரி நகரம். யுவென்டஸ் அணிக்காக 19 வயது மொய்ஸே கீன் 85ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். ஆட்டம் நெடுகிலும் அவரைப் பார்த்துக் குரங்குச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்த கேலரிக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் விரித்துப் பேசாமல் நின்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. சத்தம் இன்னும் கூடியது. சக வீரர் பிளேஸ் மத்துய்டி நடுவரிடம் போய்க் கொதித்தார்.

பயிற்சியாளர் மாசிமிலியானோ அலெக்ரியிடம் கேட்டார்கள். கீன் அப்படிக் கொண்டாடியிருக்கக் கூடாது, சின்னப் பையன், கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் கேலரியிலிருந்தும் சில விஷயங்கள் கேட்கக் கூடாதவைதான் என்றார். யுவென்டஸின் இன்னொரு வீரரான லியோனார்டோ பொனுச்சி இன்னும் ஒரு படி மேலே போய்ப் பழி பாதிக்குப் பாதி என்று பங்கு போட்டார். தான் அவசரப்பட்டுவிட்டதாக மறுநாள் இன்ஸ்டாகிராமில் எழுத வேண்டிவந்தது அவருக்கு.

அலெக்ரிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே பேட்டியில் அவர் நல்ல யோசனையும் சொன்னார். மைதானத்தில் கேமரா இருக்கிறது, கத்தியவனைக் கண்டுபிடித்து ஆயுசுக்கும் உள்ளே விடாதீர்கள், ஒரு வருடம் இரண்டு வருடம் எல்லாம் போதாது என்றார். அன்றைக்கு இத்தாலியக் கால்பந்து அதிகாரிகள் செவிகொடுத்துக் கேட்டிருக்க வேண்டிய விஷயம். யாருக்கு நினைவிருக்கிறது? ‘பையன் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது மட்டும்தான் தலைப்பாக வந்தது. முதலில் பாதிக்கப்பட்டவரின் நடத்தையைப் பற்றிப் பேசிவிட்டால், பின்னால் எவ்வளவு நல்லது சொன்னாலும் காதில் ஏறாது.

இதே அலெக்ரிதான் 2013 ஜனவரியில் மிலான் பயிற்சியாளராக இருந்தார். ப்ரோ பாட்ரியா அணியுடன் நட்பு ஆட்டம். இனவெறிச் சத்தம் பொறுக்காமல் கெவின்-பிரின்ஸ் போவாடெங் பந்தைக் கேலரியை நோக்கி உதைத்துவிட்டு வெளியேற, மொத்த அணியும் பின்னால் போனது. அன்றைக்கு அலெக்ரி தன் வீரர்கள் பக்கம் தெளிவாக நின்றார். அவர் ஒன்றும் மாறிவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். நட்பு ஆட்டத்தில் இழக்க எதுவும் இல்லை. லீக் ஆட்டத்தில் முன்னணியில் இருக்கும்போது, கடைசி ஐந்து நிமிடத்தில் சலசலப்பு வேண்டாம் என்ற பயிற்சியாளர் புத்தி முந்திக்கொண்டுவிட்டது.

“எனக்கு எதுவும் கேட்கவில்லை”

2019 அக்டோபர் 14, சோஃபியா. பல்கேரியாவும் இங்கிலாந்தும் மோதிய ஐரோப்பியக் கோப்பைத் தகுதி ஆட்டம். முந்தைய ஆட்டங்களில் ரசிகர்கள் செய்த இனவெறிச் சேட்டைக்குத் தண்டனையாக வாசில் லெவ்ஸ்கி மைதானத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. அப்படி இருந்தும் ஆட்டத்துக்கு முன்பே பல்கேரியப் பயிற்சியாளர் கிராசிமிர் பலாகோவ், இங்கிலாந்தில் இருக்கும் அளவுக்கு இங்கே பெரிய பிரச்சினை இல்லை என்று சொல்லிவைத்திருந்தார்.

ஆட்டம் முதல் பாதியிலேயே இரண்டு முறை நின்றது. இங்கிலாந்துக்காக முதல் தடவை ஆடிய டைரோன் மிங்ஸ், கோட்டோரம் நின்ற உதவி நடுவரைப் பார்த்து “கேட்டதா அது?” என்று கேட்டது கேமராவில் பதிவானது. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இடைவேளையில் பல்கேரியக் கேப்டன் இவேலின் போபோவ் கேலரிக்குப் போய் ரசிகர்களிடம் வாதாடினார். இங்கிலாந்து 6-0 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து வந்த பலாகோவ், ஆட்டத்தில் கவனமாக இருந்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். இங்கிலாந்து ரசிகர்கள் எங்கள் தேசிய கீதத்துக்கு விசில் அடித்தார்களே என்றும் சேர்த்துக்கொண்டார்.

தன் கேப்டனுக்குக் கேட்டது, நடுவருக்குக் கேட்டது, வீட்டில் டிவி பார்த்தவனுக்கும் கேட்டது. உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டத்தை ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு பயிற்சியாளருக்குத் தெரியாமல் இருக்குமா? ‘நான் நின்ற இடத்தில் கேட்கவில்லை. ஆனால் எதற்காக நிறுத்தினார்கள் என்று தெரியும். நடந்ததற்கு வெட்கப்படுகிறேன்’ என்று சொல்லியிருந்தால் பொய்யும் இல்லை, பழியும் இல்லை. நாலு நாள் கழித்துப் பதவியை ராஜினாமா செய்தார், இடையில் மன்னிப்பும் கேட்டார். பிரதமர் கேட்டுக்கொண்டபடி கால்பந்து சங்கத் தலைவரும் விலகினார்.

எதிர் பெஞ்சில் இருந்த இங்கிலாந்துப் பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வருடம் மார்ச்சில் மான்டினீக்ரோவில் இங்கிலாந்து வீரர் டேனி ரோஸுக்கு இதே மாதிரி நடந்திருந்தது. அதனால் சோஃபியாவுக்குப் போகும் முன்பே, நடந்தால் என்ன செய்வது என்று வீரர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தார். இடைவேளையில் அவர்களையே கேட்டார். தொடரலாம் என்று அவர்கள் சொன்னதால் தொடர்ந்தார்கள். பலாகோவ் இங்கிலாந்தைக் கைகாட்டியதற்குப் பதிலாக அவர் பல்கேரியாவை மட்டம் தட்டவில்லை. எங்கள் நாட்டிலேயே பட்ட அனுபவத்தால் என் வீரர்களுக்கு இது மரத்துப்போயிருக்கிறது, அதுதான் வருத்தம் என்றார். தன் ஊர் அழுக்கைத் தானே சொல்லிவிட்டவரிடம் எதிராளி என்ன வாதாட முடியும்?

‘எனக்கு நிறையக் கறுப்பின நண்பர்கள் உண்டு’ என்ற பதிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2004இல் ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸ், பிரான்சின் தியரி ஹென்றியை நிறம் சொல்லித் திட்டித் தன் வீரர் ரெயெஸுக்கு உற்சாகமூட்டியது கேமராவில் சிக்கியது. வீரனைத் தூண்டிவிடத்தான் சொன்னேன், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். அடுத்த மாதம் மாட்ரிட்டில் இங்கிலாந்தின் ஆஷ்லி கோல், ஷான் ரைட்-ஃபிலிப்ஸ் இருவரையும் பார்த்துக் கூட்டம் குரங்குச் சத்தம் எழுப்பியது. ஸ்பெயின் சங்கத்துக்கு ஃபிஃபா ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. அரகோனெஸுக்கு உள்ளூர்ச் சங்கம் போட்டது 3,000 யூரோ.

‘கோல் போட்டுப் பதிலடி கொடுத்தான்’ என்ற பாராட்டையும் பார்த்துப் பேச வேண்டும். 2025 ஆகஸ்டில் ஆன்ஃபீல்டில் இனவெறி வசவு கேட்ட பிறகு போர்ன்மவுத்தின் அன்டுவான் செமென்யோ இரண்டு கோல் அடித்தார். அருமையான ஆட்டம்தான். ஆனால் கோல் அடிக்காமல் மனம் நொந்து உட்கார்ந்திருந்தால்? திட்டு வாங்கிய வீரன் இன்னும் நன்றாக ஆடிக் காட்ட வேண்டும் என்று ஒரு கூடுதல் வேலையைக் கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

விதியைத் தெரிந்துகொள்ளாமல் வருவது, அளவு தெரியாமல் பேசுவது

ஐரோப்பிய ஆட்டங்களுக்கு மூன்று படி நடைமுறை 2009 முதலே இருக்கிறது. முதலில் நிறுத்தி அறிவிப்பு, பிறகு அணிகளை உள்ளே அனுப்புவது, கடைசியாக ஆட்டத்தையே கைவிடுவது. 2018 டிசம்பர் 26 அன்று மிலான் நகரில் இன்டருக்கு எதிரான ஆட்டத்தில் நாப்போலியின் காலிடு கூலிபாலிக்குக் குரங்குச் சத்தம். பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி பேட்டியில் சொன்னது இதுதான்: ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மூன்று முறை கேட்டோம், அறிவிப்பு மட்டும் வந்தது, நிறுத்தவில்லை, அடுத்த முறை நாங்களே நிறுத்துவோம், புள்ளி போனாலும் சரி. யாரிடம் எத்தனை முறை கேட்டோம், என்ன நடக்கவில்லை, இனி என்ன செய்வோம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. இன்டர் இரண்டு ஆட்டங்களை ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டிவந்தது.

அதே அன்செலோட்டி, ரியல் மாட்ரிட் பயிற்சியாளராக 2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் தன் வீரர் வினீசியஸ் ஜூனியருக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு, இன்று கால்பந்து பற்றிப் பேச விருப்பமில்லை என்றார். சரியான தொடக்கம். ஆனால் மொத்த மைதானமும் கத்தியது என்று ஒரு வார்த்தை கூடிவிட்டது. வலென்சியா கிளப் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில், மொத்தப் பேரும் இல்லை, ஆனால் ஒன்றிரண்டு பேரும் இல்லை என்று அவர் திருத்த வேண்டியிருந்தது. கத்தியவர்களைப் பற்றி இருக்க வேண்டிய பேச்சு, கத்தாதவர்களின் மானம் பற்றித் திரும்பிவிட்டது. 2024 ஜூனில் மூன்று ரசிகர்களுக்கு நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கணக்காகப் பார்த்ததை மட்டும் சொல்வது எதற்கு என்றால், அந்தப் பேட்டி பின்னாளில் சாட்சியத்தோடு ஒத்துப்பார்க்கப்படும் என்பதற்காகத்தான்.

பெரிய கிளப்புகளுக்குத்தான் இதெல்லாம் முடியும் என்று நினைத்தால், 2019 அக்டோபர் 19 அன்று லண்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எஃப்ஏ கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாரிங்கே பரோ, யோவில் டவுன் என்ற இரண்டு சின்னக் கிளப்புகள் மோதின. எச்சில் துப்பியும் கத்தியும் தன் கோல்கீப்பரைக் கேலரி அவமதித்தபோது, ஹாரிங்கே பரோ பயிற்சியாளர் டாம் லாய்சோ வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டு போனார். பெனால்டியில் 1-0 என்று முன்னால் இருந்த யோவில் டவுன் பயிற்சியாளர் டேரன் சார்ல், ஆட்டத்தைத் தங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அடுத்த சுற்று யோவிலுக்கே போனாலும் எனக்குக் கவலையில்லை, என் பையன்கள்தான் முக்கியம் என்ற அர்த்தத்தில் லாய்சோ பேசினார். மறு ஆட்டம் வைத்தார்கள். யோவில் 3-0 என்று ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது.