லினக்ஸ் சர்வரிலிருந்து டபிள்யூஎச்எம்சிஎஸ் மென்பொருளை முறையாக நீக்குவது எப்படி

ஹோஸ்டிங் தொழிலில் பலரும் பயன்படுத்தும் பில்லிங் மென்பொருள் டபிள்யூஎச்எம்சிஎஸ். வேறு மென்பொருளுக்கு மாறும்போதோ, தொழிலை மற்றொருவருக்குக் கைமாற்றும்போதோ இதைச் சர்வரிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும். பிஎச்பி கோப்புகள், ஒரு மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம், குறித்த நேரங்களில் கட்டளையைத் தானாக இயக்கும் ஒரு கிரான் வரி ஆகியவைதான் இதன் நிறுவல் என்பதால், கோப்புறையை அழித்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து பணம் எடுப்பதும், டொமைனைப் புதுப்பிப்பதும், பணம் கட்டாதவரின் தளத்தை முடக்குவதும் இதே மென்பொருள்தான். ஆகவே அதன் அதிகாரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்ற பிறகே கோப்புகளில் கைவைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பாதிக்கப்படுவது நாம் அல்ல, நம்மை நம்பிப் பணம் கட்டியவர்கள்.

முதல் வேலை கிரானை நிறுத்துவது

டபிள்யூஎச்எம்சிஎஸ் தானாகச் செய்யும் பணிகள் அனைத்தும் கிரான்ஸ் கோப்புறையில் உள்ள கிரான்.பிஎச்பி என்ற கோப்பின் வழியாகவே நடக்கின்றன. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இதை இயக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை. இன்வாய்ஸ் உருவாக்குதல், நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புதல், அட்டையில் பணம் எடுத்தல், தவணை கடந்த கணக்குகளை முடக்குதல் எல்லாம் இதன் பொறுப்பு.

புதிய மென்பொருளுக்குத் தரவை மாற்றிவிட்டுப் பழையதை அப்படியே ஓடவிடுபவர்கள் சந்திக்கும் மிக மோசமான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. வாடிக்கையாளர் புதிய தளத்தில் பணம் கட்டியது பழைய மென்பொருளுக்குத் தெரியாது. அதன் கணக்கில் அந்த இன்வாய்ஸ் இன்னும் நிலுவையில்தான் இருக்கும். எனவே அது ஒருபுறம் மறுபடியும் பணம் எடுக்க முயலும், மறுபுறம் ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் சிபேனல் சர்வருக்கு முடக்கக் கட்டளை அனுப்பும். ஒழுங்காகப் பணம் செலுத்திய ஒருவரின் தளம் இப்படி இரவோடு இரவாக நின்றுபோவதற்கு எந்த விளக்கமும் ஈடாகாது.

கிரான் வரி எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்காமல் தேடிப் பாருங்கள். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரின் கிரான்டேப் (கிரான் வரிகளின் பட்டியல்), தளம் இயங்கும் பயனரின் கிரான்டேப், இடிசி கோப்புறைக்குள் இருக்கும் கிரான்.டி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பயனர்களின் கிரான்டேப் கோப்புகள் டெபியன், உபுண்டு வகைகளில் /வார்/ஸ்பூல்/கிரான்/கிரான்டேப்ஸ் என்ற இடத்திலும், அல்மாலினக்ஸ், ராக்கிலினக்ஸ் வகைகளில் /வார்/ஸ்பூல்/கிரான் என்ற இடத்திலும் இருக்கும். கிரெப் கட்டளையால் இவற்றில் மென்பொருளின் பாதையைத் தேடினால் மறைந்திருக்கும் வரிகளும் அகப்படும். சிலர் கிரானுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமராகவும் அமைத்திருப்பார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். கண்டுபிடித்த வரியை உடனே அழிக்காமல், முன்னால் # குறியிட்டுச் செயலிழக்கச் செய்தால் போதும்.

அதன்பின் பிஎஸ் கட்டளையால், ஏற்கெனவே தொடங்கிய கிரான் பணி ஏதேனும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தானாக முடியும்வரை காத்திருப்பதே நல்லது. பணம் எடுக்கும் நடுவே பணியைக் கொன்றுவிட்டால், கேட்வேயில் (பணப் பரிமாற்றச் சேவையில்) பணம் பிடிக்கப்பட்டிருக்கும், தரவுத்தளத்தில் அதற்கான பதிவு இருக்காது. மென்பொருளின் அமைப்புகளில் இருக்கும் பராமரிப்பு நிலையையும் இயக்கி வைக்கலாம். அது வாடிக்கையாளர் பக்கத்தை மூடுவதற்கானது, கிரானை நிறுத்துவதற்கு மாற்றாக அதைக் கருதக் கூடாது.

உரிமம் முடியும் முன் எடுக்க வேண்டியவை

டபிள்யூஎச்எம்சிஎஸ் கோப்புகள் அயன்கியூப் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டவை. மேலும் மென்பொருள் தன் உரிமத்தை அந்நிறுவனத்தின் சர்வரோடு அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளும். ஆகவே உரிமத்தை ரத்து செய்த பிறகு, நிர்வாகப் பக்கத்தைத் திறந்து ஓர் இன்வாய்ஸை பிடிஎஃப் ஆக எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். அறிக்கைகள் பகுதியில் பல இன்வாய்ஸ்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகத் திரட்டும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு நிதியாண்டு வாரியாக எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். இந்தியாவில் தொழில் செய்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும்.

அட்டை விவரங்கள் உங்கள் தரவுத்தளத்திலேயே சேமிக்கப்பட்டிருந்தால், புதிய கேட்வேக்கு மாற்றும் பணி முடிந்ததும் அவற்றைக் கடைசிக் காப்பு நகலுக்கு முன்பே நீக்கிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போகும் ஒரு நகலில் பிறருடைய அட்டை எண்கள் இருக்கவே கூடாது. இத்தகைய தரவுத்தளத்தின் மதிப்பைத் திருடர்கள் நன்றாக அறிவார்கள். 2012 மே மாதத்தில் டபிள்யூஎச்எம்சிஎஸ் நிறுவனத்தின் சர்வரையே ஊடுருவல்காரர்கள் கைப்பற்றினார்கள். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் உரிமையாளர்போல் ஆள்மாறாட்டம் செய்து நுழைந்த அவர்கள், அதன் வாடிக்கையாளர் தரவுகளை வெளியிட்டார்கள்.

இனி காப்பு நகல். மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையில் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் விருப்பத்தைச் சேர்த்து முழுத் தரவுத்தளத்தையும் எடுங்கள். கோப்புகளுக்கு டார் கட்டளை போதும். ஆனால் இணையக் கோப்புறையை மட்டும் எடுத்தால் பாதிதான் கிடைக்கும். பாதுகாப்பு கருதி அட்டாச்மென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெம்ப்ளேட்ஸ்_சி, கிரான்ஸ் ஆகிய கோப்புறைகளை இணையத்திலிருந்து எட்ட முடியாத இடத்திற்கு நகர்த்தியிருப்பது வழக்கம். அவற்றின் இடத்தை கான்ஃபிகரேஷன்.பிஎச்பி கோப்பிலும் நிர்வாகப் பக்கத்தின் சேமிப்பு அமைப்புகளிலும் பார்த்து அறியலாம். அட்டாச்மென்ட்ஸில்தான் வாடிக்கையாளர்கள் டிக்கெட்டுகளோடு (உதவிக் கோரிக்கைகளோடு) அனுப்பிய கோப்புகள் இருக்கின்றன. டெம்ப்ளேட்ஸ்_சி வெறும் தற்காலிகக் கோப்புகள் என்பதால் அதை விட்டுவிடலாம். புதிய பதிப்புகளில் இக்கோப்புகளை அமேசான் எஸ்3 சேமிப்பிலும் வைக்க முடியும் என்பதால், அதையும் சரிபாருங்கள்.

கான்ஃபிகரேஷன்.பிஎச்பி கோப்பில் சிசி என்க்ரிப்ஷன் ஹேஷ் என்றொரு நீண்ட சரம் இருக்கும். சர்வர் கடவுச்சொற்கள் போன்ற இரகசியங்கள் தரவுத்தளத்தில் இந்தச் சரத்தைக் கொண்டே பூட்டப்பட்டிருக்கின்றன. இது தொலைந்தால் அவற்றை மீட்க வழியில்லை. அதே நேரம், சாவியையும் பெட்டியையும் ஒரே இடத்தில் வைப்பதும் தவறு. தரவுத்தள நகலை ஜிபிஜி கொண்டு குறியாக்கம் செய்து ஓரிடத்திலும், கான்ஃபிகரேஷன்.பிஎச்பி கோப்பைத் தனியாக வேறோர் இடத்திலும் வையுங்கள்.

எடுத்த நகலைச் சோதிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வேறொரு கணினியில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதில் நகலை ஏற்றி, டிபிஎல்கிளையன்ட்ஸ், டிபிஎல்இன்வாய்சஸ், டிபிஎல்அக்கவுன்ட்ஸ் ஆகிய அட்டவணைகளின் வரி எண்ணிக்கை பழைய சர்வரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். தரவுத்தளத்தை மட்டும் ஏற்றுங்கள். மென்பொருளையும் சேர்த்து நிறுவிச் சோதித்தால், அங்கே கிரான் தவறுதலாக இயங்கி, மேலே சொன்ன அதே விபரீதம் நிகழக்கூடும்.

வெளியே நீண்டிருக்கும் இணைப்புகள்

பேபால் சந்தா முறையில் பணம் கட்டுபவர்கள் இருந்தால், அந்தச் சந்தா பேபாலிடம் இருக்கிறதே தவிர உங்கள் சர்வரில் இல்லை. மென்பொருளை அழித்தாலும் மாதந்தோறும் பணம் பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பேபால் கணக்கில் நுழைந்து ஒவ்வொரு சந்தாவையும் ரத்து செய்ய வேண்டும், அல்லது புதிய மென்பொருள் அதை ஏற்கும் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்டிரைப், ரேசர்பே போன்ற கேட்வேக்களில் பழைய வெப்ஹூக் முகவரியை (கேட்வே தகவல் அனுப்பும் முகவரியை) நீக்கி, மென்பொருள் அங்கே நுழையப் பயன்படுத்திய பழைய ஏபிஐ சாவிகளை ரத்து செய்யுங்கள்.

சிபேனல், பிளெஸ்க், டைரக்ட்அட்மின் சர்வர்களில் இந்த மென்பொருளுக்கென்று கொடுத்த ஏபிஐ டோக்கன்களையும் திரும்பப் பெறுங்கள். ரூட் கடவுச்சொல்லையே கொடுத்திருந்தால் அதை மாற்றுங்கள். டொமைன் பதிவாளரிடம் உள்ள ஏபிஐ சாவியும், அனுமதிப் பட்டியலில் உள்ள பழைய ஐபி முகவரியும் இதில் அடங்கும். சாவியை ரத்து செய்யும் முன், அடுத்த இரண்டு மாதங்களுக்குள் காலாவதியாகும் டொமைன்களைப் பட்டியலிட்டு, பணம் பெறப்பட்டவற்றைக் கையாலேயே புதுப்பித்துவிடுவது பாதுகாப்பானது. முடங்கிய தளத்தை ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம். கைநழுவிப்போன டொமைனைத் திரும்பப் பெற முடியாமலே போகலாம்.

பலரும் மறப்பது மின்னஞ்சல் வழி. வாடிக்கையாளர் உதவி முகவரிக்கு எழுதும் கடிதம் பைப்.பிஎச்பி கோப்பின் வழியாக டிக்கெட்டாக மாறும்படி அமைத்திருப்பீர்கள். கோப்பை அழித்துவிட்டு, இடிசி கோப்புறையின் ஏலியாசஸ் கோப்பிலோ சிபேனலின் ஃபார்வர்டர் பட்டியலிலோ அந்த வரியை விட்டுவைத்தால், வரும் கடிதங்கள் பிழையோடு திரும்பிப் போகும். அந்த முகவரியை முதலில் சாதாரண அஞ்சல் பெட்டியாக மாற்றி, ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள்.

நீக்கும் வேலை

இனித்தான் சர்வரில் கைவைக்க வேண்டும். சாஃப்டாகுலஸ் என்ற தானியங்கி நிறுவல் கருவி வழியாக நிறுவியிருந்தால் அதன் வழியாகவே நீக்குவது எளிது. மென்பொருள் தனக்கென்று ஒரு சிபேனல் கணக்கில் இருந்தால் அந்தக் கணக்கையே அழிக்கலாம்தான். ஆனால் அதோடு அஞ்சல் பெட்டிகளும், டொமைனைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளும் போய்விடும் என்பதை நினைவில் வைத்து, டிஎன்எஸ் மண்டலத்தை வைத்திருக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கையால் நீக்குபவர்கள், கோப்புறையை உடனே ஆர்எம் கட்டளையால் அழிக்காமல், எம்வி கட்டளையால் இணையத்திற்கு எட்டாத இடத்திற்கு நகர்த்தி, உரிமையை ரூட்டுக்கு மட்டும் கொடுத்து, கீழே சொல்லும் ஒரு மாதக் கண்காணிப்பு முடியும்வரை விட்டுவைக்கலாம். அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தத் தளத்திற்கான பகுதியை அகற்ற வேண்டாம். அதில் உள்ளதை எடுத்துவிட்டு, புதிய தளத்திற்குத் திருப்பும் 301 விதியை மட்டும் எழுதுங்கள். வாடிக்கையாளர்களின் பழைய மின்னஞ்சல்களில் எல்லாம் வியூஇன்வாய்ஸ்.பிஎச்பி, கிளையன்ட்ஏரியா.பிஎச்பி இணைப்புகள் கிடக்கும். அவற்றைச் சொடுக்குபவர் பிழைப் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. மாற்றியதும் அமைப்புச் சோதனைக் கட்டளையை இயக்கி, பிழை இல்லை என்று கண்ட பிறகே சர்வரை ரீலோட் செய்யுங்கள்.

தரவுத்தளத்தை டிராப் டேட்டாபேஸ் கட்டளையால் நீக்கும் முன், அதன் பயனருக்கு வேறு தரவுத்தளங்களிலும் உரிமை இருக்கிறதா என்று ஷோ கிரான்ட்ஸ் கட்டளையால் பாருங்கள். வேறெங்கும் இல்லையென்றால் டிராப் யூசர் கட்டளையால் பயனரையும் நீக்கலாம். மைஎஸ்க்யூஎல் 8 பதிப்பில், தரவில் நடக்கும் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் இயல்பாகவே இயங்கும், 30 நாள் பதிவுகளை வைத்திருக்கும். தரவுத்தளம் போன பின்னும் வாடிக்கையாளர் விவரங்கள் அந்தக் கோப்புகளில் இருக்கும் என்பதால், ரெப்ளிகா (நகல்) சர்வர் எதுவும் அதை நம்பியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பர்ஜ் பைனரி லாக்ஸ் கட்டளையால் அவற்றையும் நீக்குங்கள். மரியாடிபியில் பைனரி லாக் இயல்பாக இயங்காது.

குறியாக்கப்பட்ட பிஎச்பி கோப்புகளை இயங்கவைக்கும் அயன்கியூப் லோடரை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அதே சர்வரில் வேறு குறியாக்கப்பட்ட மென்பொருள் இருந்தால் அது அக்கணமே நின்றுவிடும். யாருக்கும் தேவையில்லை என்று தெளிவானால், பிஎச்பியின் ஐஎன்ஐ கோப்புகளில் அதை ஏற்றும் வரியை எடுத்து, பிஎச்பி-எஃப்பிஎம் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். பிஎச்பி பதிப்பைக் காட்டும் கட்டளையில் அயன்கியூப் பெயர் வராவிட்டால் நீங்கிவிட்டது என்று பொருள். இந்த மென்பொருளுக்கென்று தனியாக உருவாக்கிய எஃப்பிஎம் பூல், லாக்ரொட்டேட் கோப்பு, ஃபெயில்2பேன் விதி இருந்தால் அவற்றையும் எடுத்துவிடலாம்.

தானியங்கிக் காப்புகள் பற்றி ஒரு வார்த்தை. ஜெட்பேக்கப் போன்ற கருவிகளும் விபிஎஸ் நிறுவனங்களின் ஸ்னாப்ஷாட்களும் பழைய நகல்களைத் தம் போக்கில் வைத்திருக்கும். நீங்கள் குறியாக்கம் செய்து வைத்த ஒரே நகலைத் தவிர மற்றவற்றை அழிக்க வேண்டும், அல்லது அவை எப்போது தாமாக அழியும் என்று குறித்துவைக்க வேண்டும். கோப்பை மேலெழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளையை எஸ்எஸ்டி வட்டுகளில் நம்ப முடியாது. வட்டு எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதியதாகத் தோன்றினாலும் பழைய தரவு எஞ்சியிருக்கலாம்.

அடுத்த ஒரு மாதம் அந்தத் தளத்தின் அக்சஸ் லாகை (வரும் கோரிக்கைகளின் பதிவேட்டை)க் கவனித்து வாருங்கள். மாட்யூல்ஸ்/கேட்வேஸ்/கால்பேக் என்ற பாதைக்கு ஏதேனும் கோரிக்கை வந்தால், எங்கோ ஒரு சந்தாவோ வெப்ஹூக்கோ இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். எந்த கேட்வேயின் பெயர் அந்தப் பாதையில் வருகிறதோ, அங்கே போய்த் தேடுங்கள். கோரிக்கைகள் முழுமையாக நின்ற பிறகு நகர்த்திவைத்த கோப்புறையை அழித்து, உரிமத்தை ரத்து செய்யலாம். சர்வரையும் கைவிடுவதாக இருந்தால், அந்தத் துணை டொமைனின் டிஎன்எஸ் பதிவைப் புதிய சர்வருக்கு மாற்றுங்கள், இல்லையேல் நீக்கிவிடுங்கள். தளத்தின் எஸ்எஸ்எல் சான்றிதழை செர்ட்பாட் கருவி வழியாக அழிப்பது அதற்குப் பின்னர்தான். டிஎன்எஸ் பதிவை விட்டுவைத்தால், நாளை அதே ஐபி முகவரியைப் பெறும் எவரும் உங்கள் பில்லிங் தளத்தின் பெயரிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து, உங்கள் வாடிக்கையாளர்களிடம் அட்டை எண் கேட்க முடியும்.