பழைய கெப் ஒன்றைக் காட்டுப் பாதைக்கும் கடற்கரைத் தங்கலுக்கும் தயார்படுத்துவது எப்படி?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்யும் பல வீட்டு வளவுகளில் ஒரு பழைய கெப் (பின்னால் திறந்த பெட்டியுள்ள பிக்கப் வண்டி) நிற்கும். நெல் மூட்டை, உரம், தண்ணீர்ப் பம்பு என்று ஏற்றி இறக்கிக் களைத்த வண்டி. அதை விற்றுத் தள்ளாமல், குடும்பிமலைப் பக்கம், உன்னிச்சைக் குளப் பக்கம், பாணமை தாண்டி ஒக்கந்தை வரை என்று சுற்றவும், ஓரிரு இரவு வெளியில் தங்கவும் ஏற்றபடி எப்படித் திருத்துவது என்று பார்ப்போம். கராஜ் வேலை தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் கூரைக் கேரியர், லைட் பார் என்று மேலிருந்து தொடங்குகிறார்கள். காசு கீழிருந்துதான் மேலே ஏற வேண்டும்: சேசி (வண்டியின் அடிச்சட்டம்), பிரேக், எஞ்சின் சூடு, டயர். அதற்குப் பிறகு கையில் ஏதும் மிஞ்சினால் லைட் வாங்கலாம். பெரும்பாலும் மிஞ்சாது.

எந்த வண்டி?

வீட்டில் இருப்பதே நல்லது. வாங்குவதென்றால், 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய டபிள் கெப்புக்கும் (இரண்டு வரிசை இருக்கை உள்ளது) விலை ஏறிப்போய்க் கிடக்கிறது என்பதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள். 90களின் டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல் 200, நிசான் ஆகிய மூன்றுக்கும் பழகிய கைகள் இங்கே உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசல் எஞ்சின் என்பது குறையல்ல. சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுபோனால் ஸ்பானரோடு ஏதாவது செய்து பார்க்கலாம்.

டபிள் கெப் எல்லாமே ஃபோர்வீல், அதாவது நான்கு சில்லும் இழுக்கும் வகை, இல்லை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் எச்2 (இரண்டு சில்லு), எச்4 (நான்கு சில்லு), எல்4 (நான்கு சில்லும் மெதுவாக, கூடிய இழுவையோடு) என்று எழுதிய இரண்டாவது சிறிய கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்திலும் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள்.

படி 1: கீழே படுத்துப் பாருங்கள்

காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் காக்கா, வண்டி பார்க்க வருபவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: "பெயின்ற்றைப் பாக்காதீங்க தம்பி, சாக்கைப் போட்டுக் கீழ படுங்க."

நம்முடைய வண்டிகளுக்கு எதிரி உப்புக் காற்று. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் சேசி உள்ளிருந்துதான் கறள் பிடிக்கும். சிறிய சுத்தியலும் ரோச் லைட்டும் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். சேசி இரும்பை முன்னிருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று கேட்கும். கறள் தின்ற இடம் 'டப்' என்று மந்தமாகக் கேட்கும், சில வேளை சுத்தியல் உள்ளேயே போய்விடும். மூன்று இடங்களில் கூடுதலாகத் தட்டுங்கள்: பின் ஸ்பிரிங் பட்டைகள் சேசியில் தொங்கும் இடம், பின் சில்லுக்கு மேலாகச் சேசி வளைந்து போகும் இடம், ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடம். சேசிக்குள் சேறு அடைந்திருந்தால் கம்பி விட்டுக் கிளறி, தண்ணீர் அடித்து எடுத்துவிடுங்கள். அந்த ஈரச் சேறுதான் இரும்பைத் தின்கிறது.

மேலாகப் பிடித்த கறள் பரவாயில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கறள் தடுப்புப் பூச்சும் அதன் மேல் கறுப்பு பெயின்ற்றும் அடித்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால், சுற்றி நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்துத் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டைக்கு மேலே மெல்லிய தகரம் ஒட்டி பெயின்ற் அடித்துக் கொடுக்கும் வேலையை ஏற்காதீர்கள். வெல்டிங் தொடங்குமுன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

படி 2: ஒயில், தண்ணீர், பெல்ட்

முந்திய சொந்தக்காரர் என்ன சொன்னாலும் எல்லா ஒயிலையும் மாற்றுங்கள்: எஞ்சின், கியர் பெட்டி, ஃபோர்வீல் பெட்டி, முன் பின் டிப்ரென்ஷியல் (அச்சின் நடுவில் சில்லுகளைச் சுற்றவைக்கும் கியர் பெட்டி), பிரேக். டிப்ரென்ஷியல் ஒயில் வெளியே வரும்போது நிறத்தைக் கவனியுங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஏன் புகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் திருத்துவது சுலபம். ஓடிச் சூடான டிப்ரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுக்கும், மேலே உள்ள சின்ன மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரையே இழுத்துவிடும். அந்த மூச்சுக்குழாயில் ரப்பர் ஹோஸ் ஒன்றைப் பூட்டி, எஞ்சின் அறையில் உயரமான இடம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய்க் குழாய் டிப்ரென்ஷியலையே காப்பாற்றும்.

டைமிங் பெல்ட்டை மறக்க வேண்டாம். ஹைலக்ஸின் 2எல், 3எல் எஞ்சின்களுக்கும் எல் 200இன் 4டி56 எஞ்சினுக்கும் பெல்ட்தான். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். கடைசியாக எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவுங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி வெயிலில், எல்4இல் மணலுக்குள் ஊர்ந்து போகும்போது எஞ்சினுக்கு எதிர்க்காற்றே கிடைக்காது. வீதியில் சூடு ஏறாத வண்டி அங்கே கொதிக்கும்.

படி 3: பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங்

இது கராஜ் பாஸின் (மெக்கானிக்கின்) வேலை, பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக் குழாய்கள், பந்து மூட்டுகள், ஷொக் அப்சோபர், ஸ்பிரிங் பட்டைகளின் புஷ், சில்லு பெயரிங். உடைந்த பட்டை இருந்தால் மாற்றுங்கள். வண்டியை உயர்த்தும் ஆசை வரும். ஓரிரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்: ஷாஃப்ட் கோணம் கெடும், வளைவில் வண்டி சாயும், புகைப் பரிசோதனைக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் அலையும்போது கேள்வியும் வரும். நிறத்தை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

படி 4: ஃபோர்வீல் உண்மையில் வேலை செய்கிறதா?

வருடக்கணக்கில் போடாத ஃபோர்வீல் இறுகிக் கிடக்கும். இளகிய மணல் தரைக்குக் கொண்டுபோங்கள். முன் சில்லு நடுவில் திருகும் வகை ஹப் என்றால் இரண்டையும் பூட்டு நிலைக்குத் திருப்புங்கள். வண்டியை நிறுத்தி எல்4 போட்டு மெதுவாக எடுங்கள். ஒருவர் வெளியில் நின்று முன் சில்லுகள் மணலைக் கிளறுகின்றனவா என்று பார்க்கட்டும். தார் வீதியில் இதைச் செய்யாதீர்கள். சில்லுகள் வழுக்க இடமில்லாததால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

படி 5: டயரும் காற்றும்

நம்முடைய பாதைக்கு ஏடி எனப்படும் இருபயன் டயர் போதும். பெரிய கட்டை வைத்த எம்டி டயர் செங்கலடி–பதுளை வீதியில் ஓடும் நேரமெல்லாம் இரைச்சலும் டீசல் செலவும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கட்டை புதிதுபோல இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும். ஸ்பெயர் டயரிலும் அந்த இலக்கத்தைப் பாருங்கள், ஒருவரும் பார்ப்பதில்லை.

இனிக் காற்று. மணலில் புதைபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வண்டியில் குறையே இல்லை, காற்றுத்தான் அதிகம். வீதியில் 30, 35 பிஎஸ்ஐ வைத்து ஓடும் டயரை வாகரைப் பக்க மணலில் இறக்குமுன் 20க்குக் குறையுங்கள். அப்போதும் திணறினால் 16. அதற்குக் கீழே போனால் வளைக்கும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். காற்றுக் குறைந்ததும் டயர் நீளவாக்கில் படிந்து, மணலை வெட்டாமல் மேலால் போகும். பிரேக் அடிக்காமல், உடனே வளைக்காமல், ஒரே சீராக ஓட்டுங்கள். வீதிக்கு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். ஆகவே காற்று அளவுமானியும் 12 வோல்ட் கொம்பிரசரும் இந்த முழுப் பட்டியலிலும் முதலில் வாங்க வேண்டியவை.

வயல் வட்டைக் களி வேறு கதை. மாரியில் நனைந்த களி எந்த டயரின் கட்டையையும் ஒரு சுற்றிலேயே மூடிவிடும். கார்த்திகை, மார்கழியில் வயல் பாதைக்குள் போகாமலிருப்பதுதான் வழி. மற்றவர் பாடுபட்டுக் கட்டிய வரம்பையும் உடைக்காமல் இருக்கலாம்.

தண்ணீர் பாயும் தாம்போதியில் வண்டியை இறக்க வேண்டாம். சினோக்கல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) பூட்டினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாது, ஆனால் வெள்ளம் வண்டியையே தள்ளும். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரமொன்று அடித்துச் செல்லப்பட்டு மத்ரசா மாணவர்கள் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை.

படி 6: புதைந்தால் வெளியே வர

மண்வெட்டி, தடித்த பலகைத் துண்டு (மணலில் ஜக் புதையாமல் கீழே வைக்க), இழுவைப் பட்டி, இரண்டு ஷக்கிள் (பட்டியை மாட்டும் இரும்பு வளையம்). பட்டியைச் சேசியில் போல்ட் போட்டுப் பூட்டிய கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பம்பரிலோ ட்ரெய்லர் உருண்டையிலோ மாட்டி இழுத்தால் அது பிய்ந்து குண்டுபோல் பறக்கும். இழுக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. புதைந்ததும் அக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். இறங்கி, சில்லுக்கு முன்னால் மணலை வாரி, காற்றை 16க்குக் கீழே போகாமல் இன்னும் குறைத்து, கிடுகு இரண்டைச் சில்லுக்கு அடியில் சொருகிப் பாருங்கள். மீன்வாடிக்காரர்கள் கண்ட வழி அது, கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஏணிக்குச் சளைத்ததல்ல.

கரைவலை இழுக்கும் இடத்தில் கயிறு மணலுக்குள் கிடக்கும், அதன் மேல் ஏறாதீர்கள். கடலாமை முட்டையிடும் கரைகளில் வண்டியையே இறக்காதீர்கள்.

படி 7: தங்க ஒரு இடம்

பின் பெட்டியில் 12 மில்லிமீற்றர் பிளைவுட்டால் ஒரு தட்டு அடியுங்கள். மேலே மெத்தை, கீழே சாமான். சுற்றிவர நுளம்பு வலை, மேலே கம்பி வளைத்துப் படங்கு. இதற்கு ஒரு தச்சரும் ஒரு வெல்டிங்காரரும் போதும், இறக்குமதிக் கூரைக் கூடாரம் தேவையில்லை. பாரமானவை எல்லாம் அடியில், பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் தண்ணீர் வையுங்கள், ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதையும் கணக்கில் எடுங்கள். சமைக்க 2.3 கிலோ கேஸ் சிலிண்டர் போதும். அதை மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

மின்சாரம்: இரண்டு சிறிய எல்ஈடி, ஃபோன் சார்ஜ் அவ்வளவுதான் என்றால் வண்டியின் பற்றரியே தாங்கும். வயர் தொடங்கும் இடத்திலேயே பியூஸ் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டுமென்றால் மட்டும் இரண்டாவது பற்றரி.

படி 8: முதல் ஓட்டம்

எடுத்த எடுப்பிலேயே தூரம் போக வேண்டாம். முதலில் உன்னிச்சை வரை கிறவல் வீதி, அன்றே திரும்புங்கள். மறுகா ஓர் இரவு. அப்புறம் பாணமை, ஒக்கந்தை. குமண தேசிய பூங்காவின் வாசல் ஒக்கந்தையில்தான் இருக்கிறது. உள்ளே தங்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும். குளக்கட்டுக்குப் பக்கத்தில் படுக்கை விரிக்காதீர்கள். அந்தியில் யானை தண்ணீருக்கு இறங்கும் வழி அது, குளத்துக்குள் முதலையும் உண்டு. எங்கே தங்குவது என்று பக்கத்து வாடிக்காரரைக் கேட்டால் நேற்று யானை நின்ற இடத்தையே காட்டுவார். பற்றைக்குள் பழைய இரும்புப் பொருள் எதுவும் கிடந்தால், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே வண்டியின் அடிப்பகுதி முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், சேசித் துளைகளுக்குள்ளும் அடியுங்கள். அடுத்த நாள் ஸ்பிரிங் பட்டைகளின் யூ போல்ட் நட்டுகளை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை முதல் ஓட்டத்தில் கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும்.