பருவத்தின் கடைசி வகுப்பில் பேராசிரியருக்கு நன்றி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவத்தின் கடைசி வகுப்பு முடிந்ததும் கைதட்டி விடைகொடுப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழக்கம். ஜெர்மனியில் மாணவர்கள் ஒவ்வொரு விரிவுரையின் முடிவிலும் விரல்முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டுகிறார்கள். இவற்றுக்குச் செலவில்லை, இவற்றில் யாரும் விடுபடுவதுமில்லை. பெரிய ஏற்பாடுகளில் இறங்கும்போதுதான் தவறுகள் நுழைகின்றன.

அவற்றுள் நான் மிகக் கடுமையானதாகக் கருதுவது, மதிப்பெண் வெளியாகும் முன்பே பரிசு கொடுப்பதை. கொடுப்பவரின் மனம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், விடைத்தாள் திருத்தவிருப்பவரிடம் விலையுள்ள பொருளை நீட்டுவது அவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தும். பல கல்வி நிறுவனங்களில் இத்தகைய பரிசுகளுக்கு விதிகளே வரம்பிடுகின்றன. பரிசு வாங்கப் பெயர்ப்பட்டியல் போட்டுத் தலைக்கு இவ்வளவு என வசூலிப்பதும் தவறே, ஏனெனில் பணம் இல்லாத மாணவர் நன்றி சொல்லும் நாளில் கூனிக்குறுகி நிற்க நேரும்.

கடிதம் இதைவிட நல்ல வழி, ஆனால் அதையும் கெடுத்துவிட முடியும். ‘தங்கள் வகுப்புகள் மிக அருமை’ என்ற வரி எந்த ஆசிரியருக்கும் எந்த ஆண்டும் பொருந்தும். பல வாரங்கள் பிடிபடாதிருந்த ஒரு கருத்து அவர் கரும்பலகையில் வரைந்த எந்தப் படத்தால் விளங்கியது, கட்டுரையின் ஓரத்தில் அவர் எழுதிய எந்தக் குறிப்பு உங்கள் எழுத்தைத் திருத்தியது என்று எழுதினால், அடுத்த ஆண்டு எதைக் கைவிடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். அதே கடிதத்தின் இறுதியில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டால், முன்னர் எழுதியதெல்லாம் மனுவின் முன்னுரையாகிவிடும்.

வாழ்த்து அட்டையை நிரப்பிவிட்டு, ஆசிரியரின் கற்பித்தல் பற்றி நிறுவனம் மாணவர்களிடம் கேட்கும் கருத்துப் படிவத்தை வெறுமையாக விடுவதையும் பலர் தவறாக எண்ணுவதில்லை. பல நிறுவனங்களில் பதவி உயர்வின்போதும் ஒப்பந்தப் புதுப்பிப்பின்போதும் பார்க்கப்படுவது அந்தப் படிவம்தான். தற்காலிக ஆசிரியர் ஒருவருக்கு உங்கள் நான்கு வரிகள் எந்தப் பரிசையும்விடப் பயன்படக்கூடும்.

கடைசி வகுப்பைத் திருப்புதலுக்காக ஒதுக்கியிருப்பவரிடம் சொல்லாமல் முழு நேரத்தையும் விழாவாக்காதீர்கள்; இறுதிப் பத்து நிமிடங்களை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். அவர் கண்கலங்கும் காட்சியை அனுமதியின்றிப் படமெடுத்துப் பகிர்வது அறவே கூடாது. ஆய்வகத்தில் பருவம் முழுவதும் உடனிருந்த உதவியாளரின் பெயரை அட்டையில் விட்டுவிடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. கையெழுத்து வாங்கத் தொடங்கும் முன்பே அந்தப் பெயரையும் எழுதிவிடுங்கள்.