வட்டமாக நின்று சிரிப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் (குடியிருப்பு) மாரியம்மன் கோயிலை ஒட்டிய திடலில் தினமும் காலை ஏழு மணிக்கு ஆறேழு பெண்கள் கூடிச் சிரிக்கிறோம். எங்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நான் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள்.

புதிதாக வருகிறவர்கள் "சிரிக்க என்ன இருக்கு?" என்பார்கள். ஒன்றும் இருக்க வேண்டாம். மும்பையில் டாக்டர் மதன் கட்டாரியா 1995-இல் ஐந்து பேரோடு இதைத் தொடங்கியபோது துணுக்குகள் சொல்லித்தான் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் துணுக்கு தீர்ந்துபோனது. அதன்பின் சும்மாவே சிரித்தார்கள்.

முதலில் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். விலாவுக்குக் கீழே, வயிற்றில் உள்ளங்கையை வையுங்கள். சிரிப்பு என்பது வெளிமூச்சு. பேசும்போது நிதானமாகப் போகிற மூச்சை, சிரிக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானமும் விலாத் தசைகளும் துண்டு துண்டாக வெளியே தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் தொண்டையில் ஒரு 'ஹா'. வயிற்றை உள்ளே இழுத்து 'ஹா... ஹா...' என்று மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுங்கள். தானாக வரும் சிரிப்பில் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து 'ஹா' வரும். கை துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் தொண்டையால் சிரிக்கிறீர்கள், சீக்கிரம் வறண்டுவிடும்.

அப்புறம், தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பது மாதிரி வரிசையில் நிற்காதீர்கள். வட்டமாக நில்லுங்கள், முகம் தெரிய வேண்டும். உதட்டோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை அவ்வளவு லேசில் கேட்காது. இதை டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதிவிட்டார். எங்கள் வட்டத்திலும் முதல் ஒரு நிமிடம் வாய் மட்டும்தான் சிரிக்கும். பிறகு யாராவது ஒரு அக்காவுக்குக் கண் சுருங்கும், கடைவாய் வரை பல் தெரியும். பார்த்தவர்களுக்கும் உடனே பற்றிக்கொள்ளும். தொட்டிலில் மூன்று நான்கு மாதப் பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்த்தேன். பேச்சு வருவதற்கு முன்பே, எதிரில் ஒரு முகம் சிரித்தால் போதும்.

சிரிப்பு முற்றினால் தசை தளர்ந்து கால் துவளும். பிடித்துக்கொள்ள அருகில் நாற்காலி வையுங்கள். மூச்சு வற்றியதும் நிறுத்தி, மூக்கால் நிறைய இழுங்கள். பத்து நிமிடம் போதும்.

குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் வர வேண்டாம். அவர்களை நான் திண்ணையில் உட்காரச் சொல்வேன். பார்த்துக்கொண்டிருந்தாலே அவர்களுக்கும் லேசாக வந்துவிடும், ஆகவே முதுகைக் காட்டி உட்காரச் சொல்ல வேண்டியிருக்கிறது.