சைட்டேஷன் எண்ணை மட்டும் பார்த்து ஆய்வாளரை எடைபோடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

மருத்துவச் சேவை எப்படி நடக்கிறது, என்ன செலவாகிறது, நோயாளிக்கு என்ன பலன் என்று ஆராயும் ஒரு சுகாதார சேவை ஆய்வாளரின் பக்கத்தை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் திறந்தால் மொத்த சைட்டேஷன் (மற்ற ஆய்வுகள் அவரை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (கீழே விளக்குகிறேன்), ஐ10-இண்டெக்ஸ் (குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை) என்று மூன்று எண்கள் கண்ணில் படும். வழிகாட்டி தேடும் மாணவரும் சரி, வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவும் சரி, பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொண்டு "பெரிய ஆள்தான்" என்றோ "சுமார்தான்" என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே இருக்கும் கட்டுரைப் பட்டியலைப் பார்க்காமல் அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இந்தத் துறையில் அது இன்னும் சிக்கல்.

முதலில், பட்டியல் அவருடையதுதானா என்று பாருங்கள். ஸ்காலர் தானாகவே கட்டுரைகளைச் சேர்க்கும், அதே பெயருள்ள இன்னொருவருடைய கட்டுரையும் உள்ளே வந்துவிடும். மருத்துவமனைச் செலவு பற்றி எழுதுகிறவரின் பட்டியலில் திடீரென்று பாலிமர் வேதியியல் தெரிந்தால் உஷாராகிவிடுங்கள். இதற்காகத்தான் 2012-ல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. ஆனால் அதையும் சம்பந்தப்பட்டவர் ஒழுங்காகப் பராமரித்தால்தான் பிரயோஜனம்.

அப்புறம், ஒருவருடைய ஸ்காலர் எண்ணையும், ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தில் இருக்கும் வேறொருவருடைய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னொரு தவறு. ஸ்காலர் ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரைகள்), அறிக்கைகள் எல்லாவற்றிலும் வரும் மேற்கோள்களை எண்ணுகிறது. ஸ்கோபஸும், அதைப் போன்ற வெப் ஆஃப் சயின்ஸ் தளமும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்களுக்குள்தான் எண்ணும், அதனால் ஒரே ஆளுக்கே ஸ்காலரில் எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். எந்தத் தளம், எந்தத் தேதி என்று குறிப்பிடாத எண்ணை நான் நம்புவதில்லை.

எச்-இண்டெக்ஸை 2005-ல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் எச் 20. ஐந்தே கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் ஆயிரம் மேற்கோள் வாங்கினாலும் எச் 5தான்! துறைக்குத் துறை இது மாறும் என்று ஹிர்ஷே சொல்லியிருந்தார். ஆனால் சுகாதார சேவை ஆய்வில் ஒரே துறைக்குள்ளேயே மருத்துவர், செவிலியர், பொருளியலாளர், சமூகவியலாளர், புள்ளியியலாளர் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பொருளியலாளர் ஒரு நீண்ட கட்டுரையை வருடக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருப்பார், அதே காலத்தில் ஒரு மருத்துவக் குழு சின்னச் சின்னதாகப் பல கட்டுரைகளை வெளியிட்டுவிடும். இந்த இருவரையும் எச் வைத்து வரிசைப்படுத்துவதில் என்ன நியாயம்? போதாக்குறைக்கு எச் வயதோடு ஏறிக்கொண்டே போகும், ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும்கூட.

எதற்காக மேற்கோள் வந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் மிகப் பெரிய தவறாகப் படுகிறது. நோயாளிக்கு ஏற்கெனவே இருக்கும் மற்ற நோய்களுக்கு மதிப்பெண் போடும் சார்ல்சன் குறியீடு 1987-ல் வந்தது. மருத்துவமனைத் தரவை அலசுகிறவர்கள் ஆய்வுமுறைப் பகுதியில் "சார்ல்சன் பயன்படுத்தினோம்" என்று ஒரு வரி எழுதி மேற்கோள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள், இப்படியே அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் பல ஆயிரம் சேர்ந்துவிட்டன. அது உண்மையான பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கருவியை உருவாக்கியதற்குக் கிடைக்கும் மேற்கோளும், செவிலியர் எண்ணிக்கை குறைந்தால் நோயாளிகளுக்கு என்ன ஆகிறது என்று கண்டுபிடித்ததற்குக் கிடைக்கும் மேற்கோளும் ஒன்றல்ல. இரண்டாவது ஆய்வுக்கு எண் சிறியதாக இருக்கலாம், அதைப் படித்துவிட்டு ஷிஃப்ட் அட்டவணையை மாற்றிய நிர்வாகி கட்டுரை எழுதப்போவதில்லையே.

மேற்கோள் என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. இந்தத் துறைக்குச் சற்று வெளியே இருந்து ஓர் உதாரணம்: எம்.எம்.ஆர் தடுப்பூசியையும் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்குப் போடுவது) ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது, 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் மறுப்பதற்காகவே காட்டினார்கள். எண்ணும் இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது.

இன்னொரு பக்கம், அறிக்கைகள் விழுங்கிவிடும் உழைப்பு. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 1999-ல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்றது. அந்தக் குழு உட்கார்ந்து எண்ணிய எண்கள் அல்ல அவை: பெரிய எண் நியூயார்க்கிலும் சிறிய எண் கொலராடோ, யூட்டாவிலும் அதற்கு முன்பே நடந்த ஆய்வுகளிலிருந்து கணக்கிட்டவை. பின்னால் வந்தவர்களில் பலர் அறிக்கையை மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போனார்கள். நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டியவர்களின் கணக்கில் அந்த மேற்கோள்கள் ஏறவில்லை.

ஆசிரியர் வரிசையையும் கவனியுங்கள். உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற கூட்டு முயற்சிகளில் ஒரு கட்டுரைக்கே நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள், ஒவ்வொருவரின் கணக்கிலும் முழு மேற்கோளும் சேரும். மருத்துவ இதழ்களில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் தனி அர்த்தம் உண்டு, பொருளியலிலோ பெரும்பாலும் அகர வரிசைதான். பல இதழ்கள் இப்போது யார் என்ன செய்தார் என்று கட்டுரையின் முடிவில் போடுகின்றன, அதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது.

இம்பாக்ட் ஃபேக்டர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓர் இதழில் முந்தைய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் வாங்கின என்பதுதான் அது, ஆளுடைய எண் கிடையாது. சில கட்டுரைகள் ஏராளமாக வாங்கி அந்தச் சராசரியைத் தூக்கிவிடும், மற்றவை கீழே கிடக்கும். ஆளை எடைபோட இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிரகடனம் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

எண் வேண்டும் என்றே பிடிவாதமாக இருந்தால், துறைக்கும் வருடத்துக்கும் ஏற்பச் சரிசெய்த எண்ணைப் பாருங்கள். ஸ்கோபஸ் தரும் அப்படிப்பட்ட எண்ணில் 1 என்றால் உலகச் சராசரி. பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளே உள்ள இளம் ஆய்வாளருக்கு அதுவும் ஒரே ஒரு கட்டுரையால் எகிறிவிடும், ஆகவே அவர் எழுதியதில் அவருக்கே பிடித்த மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுவது எளிது.