பட்டாள நினைவுகளைச் சிரிக்கும்படி எழுதுவது எப்படி?

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் பேச ஆரம்பித்தால் திண்ணையே சிரிக்கிறது. அவரே எழுத உட்கார்ந்தால், முதல் பக்கத்தில் தாய்நாட்டுக்கு ஆற்றிய பணி என்று தொடங்கி, பதவி உயர்வுப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. பேச்சில் இருந்த வேடிக்கை எழுத்தில் காணாமல் போவதற்குக் காரணம், எழுதும்போது நாம் விதிகளை விட்டுவிட்டுப் பெருமிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான். இராணுவத்தில் நடக்கும் வேடிக்கைகளில் பெரும்பாலானவை, ஒரு விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப் போன மனிதன் எங்கே போய் நிற்கிறான் என்பதில்தான் இருக்கின்றன. ஆகவே விதியை முதலில் துல்லியமாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அதில் மாட்டிக்கொண்ட ஆளைக் கொண்டுவர வேண்டும்.

எழுதத் தொடங்குமுன் அந்தக் கறுப்பு ட்ரங்குப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் ரேங்கும் பெயரும் எழுதியிருக்கும் அந்தப் பெட்டிக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், குரூப் போட்டோக்கள், இன்லண்ட் கடிதங்கள் எல்லாம் கிடக்கும். எந்த ஆண்டு எந்த யூனிட்டில் இருந்தோம் என்பதற்கு நினைவை நம்பாமல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை நம்புங்கள். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாள் எடுத்து, அங்கே இருந்த விதிகளை மட்டும் எழுதி வையுங்கள். சம்பவங்கள் தாமாகவே பின்னால் வரிசையில் வந்து நிற்கும்.

கிட் லேஅவுட்டை, அதாவது ஒவ்வொருவரும் தன் உடைமைகளை வரிசையாக அடுக்கி ஆய்வுக்குக் காட்டுவதை, எடுத்துக்கொள்வோம். கட்டில்களின் வரிசையை நூல் பிடித்துச் சரிபார்ப்பார்கள். கம்பளி சதுரமாக மடிந்திருக்க வேண்டும். எல்லா மக்குகளின் கைப்பிடியும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். சோப்பும் ரேசரும் பல் துலக்கும் பிரஷும் புதிதுபோல் பளிச்சிட வேண்டும். ஆகவே புதிதாகச் சேர்ந்த விவரமான ரெக்ரூட் எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருப்பான். ஒன்று அவன் உபயோகிப்பதற்கு, மற்றொன்று இராணுவம் பார்ப்பதற்கு. வாழ்நாளில் தண்ணீரையே காணாத அந்த இரண்டாவது சோப்பைக் குனிந்து பார்த்துத் தலையசைக்கும் சுபேதாருக்கும் விஷயம் தெரியும், ஏனென்றால் அவரும் ரெக்ரூட்டாக இருந்தபோது அப்படி ஒரு சோப்பு வைத்திருந்தவர்தான். இதை எழுதும்போது வேடிக்கையாக இருந்தது என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம். அறிக்கை எழுதுவதுபோல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுதினால் போதும், சிரிப்பது வாசகரின் வேலை.

நேர ஒழுங்கும் அப்படித்தான். கமாண்டிங் ஆபீசர் பத்து மணிக்கு வருகிறார் என்றால், கம்பெனி கமாண்டர் ஒன்பதே முக்கால் என்பார்; சுபேதார் ஒன்பதரை என்பார்; ஹவில்தார் ஒன்பது என்பார்; கடைசியில் ஜவான்கள் எட்டு மணியிலிருந்தே ஃபால்-இன் ஆகி நிற்பார்கள். இராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்த பையன், நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தின் மைதானத்தில் ஜனவரிப் பனியில் அப்படி நிற்கும்போது என்ன நினைத்திருப்பான் என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னால் அது நகைச்சுவை, ஒரு பக்கத்துக்கு நீட்டினால் புலம்பல்.

இடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் கட்டுப்படுத்தும் என்பதால், முகாம் எங்கே இருந்தது, என்ன ஆயுதம், எத்தனை பேர் என்பன போன்ற விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள். இதனால் கதைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. முகவரியிலேயே இராணுவம் அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்ற, ஊர்ப்பெயரே இல்லாத இராணுவ அஞ்சலக முகவரிக்குத்தான் வரும். அது எந்த மாநிலத்தில் இருக்கிற ஊர், பக்கத்தில் ரயில் நிலையம் உண்டா, பெண் கொடுத்தால் போய்ப் பார்த்துவர முடியுமா என்று மாமனாராக வரப்போகிறவர் விசாரித்திருந்தால், அந்த உரையாடலை அப்படியே எழுதிவிடுங்கள். உரையாடல்களைப் பேச்சுத் தமிழிலேயே விடலாம்.

அடுத்து, ஓய்வு பெற்ற பிறகு சேரும் இரண்டாவது வேலை. பலர் இதை இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பட்டாளத்து விதி சிவில் வாழ்க்கையோடு முட்டிக்கொள்கிற இடமே இதுதான். எட்டு மணிக்கு நின்று பழகியவர் பத்து மணி அலுவலகத்துக்கு ஒன்பதரைக்கே போய், பூட்டிய கதவின் முன் தனியாக விறைப்பாக நிற்பார். ஜவான்களின் ஒரு செக்‌ஷனை நடத்தியவர் வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் பேனா கேட்பார்கள், பாஸ்புக் மிஷின் ஓடுகிறதா என்று கேட்பார்கள். “தம்பி, அந்தக் குழாயக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு இந்தச் செலான எழுதிக் குடு” என்று ஒரு பாட்டி சொல்கிற இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடலாம். அதற்கு மேல் ‘எங்கள் இராணுவத்தில் இப்படியெல்லாம் நடக்காது’ என்று ஒரு வரி எழுதினால், இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஓய்வுக் காலத்துக்குப் பொருள் தேடவே வேண்டாம், நவம்பர் மாதம் ஒன்றே போதும். பென்ஷன் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே என்பதால், உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். 2014இல் வந்த ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ்ச் சான்றிதழ் முறையில் விரல் ரேகையை வைத்தே அதைச் செய்துவிடலாம். ஆனால் வயதானவர்களின் தேய்ந்த ரேகையை இயந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. எதிரே உட்கார்ந்து உரத்த குரலில் வாதாடுகிறவரைப் பார்த்துக்கொண்டே, ‘இன்னொரு விரல் வையுங்க சார், நீங்க இருக்கிறது இன்னும் வரல’ என்பார் சேவை மையத்தில் இருப்பவர். இராணுவக் கேன்டீன் கார்டு, முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் மருந்து வரிசை எல்லாவற்றையும் இதே முறையில், விதி முதலில் மனிதர் பிறகு என்று எழுதலாம்.

மனைவியைக் கேலி செய்யும் துணுக்குகள் மட்டும் வேண்டாம். அவை ஏற்கெனவே போதுமான அளவுக்கு எழுதப்பட்டுவிட்டன. ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பில் மட்டும் வந்துபோன ஒருவர் நிரந்தரமாக வந்து சேர்ந்து, செருப்புகளை வரிசைப்படுத்தவும் காலையில் பேரனை வரிசையில் நிறுத்தவும் தொடங்கினால், இத்தனை காலம் வீட்டை நடத்தியவருக்கு அது எப்படித் தெரியும் என்று அவரையே கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் புத்தகத்திலேயே சிறந்ததாக அமையும்.

உயிரிழந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் பற்றி எழுதும்போது நகைச்சுவையைக் கீழே வைத்துவிட்டு நேராக எழுதுங்கள். உங்களுக்குக் கீழே இருந்தவரைக் கேலி செய்யும் இடங்களை அடித்துவிடுங்கள்; மேலே இருந்தவரைக் கேலி செய்தால் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள், யூனிட்டில் இருந்தவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் பழைய யூனிட் நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டுவது அவசியம். அவர் பாதியில் நிறுத்தி, அந்தச் சோப்பு உண்மையில் தன்னுடையது என்பார். அப்போது வாதாடாமல் இரண்டு பேர் சொல்வதையும் அடுத்தடுத்து அச்சிட்டுவிடுங்கள். எது முதலில் வர வேண்டும் என்பதை சீனியாரிட்டிப்படி முடிவு செய்துகொள்ளலாம்.