எனுகு ரேஞ்சர்ஸ் பழைய வீரர்கள்: பட்டியல் போடும்போது சறுக்கும் இடங்கள்

எனுகு ரேஞ்சர்ஸ் நைஜீரியாவின் எனுகு நகரத்துக் கால்பந்து கிளப். அதன் பழைய வீரர்களைப் பட்டியல் போடும்போது முதல் சறுக்கல் பெயரிலேயே இருக்கிறது. 'ரேஞ்சர்ஸில் ஆடிய நைஜீரியர்கள்' என்று தேடினால் ஜோ அரிபோ, கால்வின் பாஸி, லியோன் பலோகுன் என்று வரும். மூவரும் நைஜீரிய அணிக்காரர்கள்தான், ஆனால் ஆடியது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸில். எனுகு ரேஞ்சர்ஸ் வேறு. பியாஃப்ரா போர் என்ற நைஜீரிய உள்நாட்டுப் போர் ஓய்ந்த 1970-ல், அதில் அடிபட்டுக் கிடந்த தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களின் நடுவே பிறந்த கிளப் அது.

அடுத்தது, ஜே-ஜே ஒகோச்சாவைத் தூக்கி முதலிடத்தில் வைப்பது. எனுகுவில் பிறந்தவர், ரேஞ்சர்ஸ் சட்டை போட்டவர், எல்லாம் சரி. ஆனால் 1990-லேயே ஜெர்மனிக்குப் போய்விட்டார். அவர் புகழ் எல்லாம் ஐரோப்பாவில் சேர்ந்தது. கிளப்பின் வரலாறு என்று பார்த்தால் என் பட்டியலில் முதல் பெயர் கிறிஸ்டியன் சுக்வுதான். 'சேர்மன்' என்று கூப்பிடப்பட்ட தடுப்பாட்டக்காரர். 1977-ல் ரேஞ்சர்ஸ் கேமரூனின் கேனன் யவுண்டே அணியை 4-1, 1-1 என்று வென்று ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை (தத்தம் நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகள் மோதும் போட்டி) தூக்கியபோது கேப்டன் அவர். 1980-ல் நைஜீரியா முதன்முதலாக ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை வென்றபோதும் அவர்தான் கேப்டன்.

இந்த 1980 வெற்றிதான் இன்னொரு குழியும். அல்ஜீரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்ட செகுன் ஒடெக்பாமியையும் சுக்வுவோடு சேர்த்து ரேஞ்சர்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவர் இபாதானின் ஷூட்டிங் ஸ்டார்ஸ் ஆள், அதாவது பரம எதிரி முகாம்! மேலே சொன்ன 1977 கிளப் கோப்பையின் அரையிறுதியில் ரேஞ்சர்ஸ் பெனால்டியில் வென்றது அதே ஷூட்டிங் ஸ்டார்ஸைத்தான். பழைய செய்திகளில் அந்த அணி ஐ.ஐ.சி.சி. என்றும் வரும், அதை மூன்றாவது கிளப் என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம், கோல் போட்டவர்களை மட்டும் எண்ணினால் இம்மானுவேல் ஒகாலா விடுபட்டுப் போவார். எழுபதுகளில் ரேஞ்சர்ஸ் கோல் கம்பத்துக்கு நடுவே நின்ற நெட்டை மனிதர் அவர்.

'சுக்வு' என்றால் இக்போ மொழியில் கடவுள். பாதி இக்போ பெயர்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கும், எனவே முழுப்பெயரைப் போட்டே தேடுங்கள். பழைய பக்கங்களை நம்பி கிறிஸ்டியன் சுக்வுவை இன்றும் இருப்பவராக எழுதிவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் காலமாகிவிட்டார்.